ஓட்டுக் கூரைக்குக் கீழ சீலிங்: எது எவ்வளவு கெதியாத் தீப்பிடிக்கும்?

கொக்குவில்_பழையவீடு:

எல்லாருக்கும் வணக்கம். வீடு கொக்குவிலில. சுண்ணாம்புக்கல் சுவர், பனை வளை, பனஞ்சிலாகை, மேல ஓடு. முன் அறை இரண்டுக்கும் சீலிங் அடிக்கப் போறம். கடையில மூண்டு சாமான் காட்டினவை: பி.வி.சி. பலகை, ரெஜிபோம் சீற், ஜிப்சம் போட். விலையை நான் பாத்துக்கொள்ளுவன், நெருப்பைப் பற்றித்தான் கேக்க வந்தனான்.

வீட்டு நிலைமை இது. குசினியில விறகடுப்பு இருக்கு. அடுப்புக்கு மேல பரணில பன்னாடையும் மட்டையும் காயக் கிடக்கும். இரும்புப் புகைக்குழாய் ஒரு வளையை நாலு அங்குல இடைவெளியில தாண்டி வெளியில போகுது. பக்கத்து வளவில கிடுகுக் கொட்டில் ஒண்டு, எங்கட அறை யன்னலில இருந்து ஆறரை அடி.

அட்டவணைகளில மரம் முந்நூறு, முந்நூற்றைம்பது பாகை செல்சியஸில பற்றும் எண்டு இருக்கு. மெத்தை ஸ்பொஞ்சுக்கும் அதுக்குக் கிட்டின எண்தான். அப்பிடியெண்டால் ஸ்பொஞ் கண்மூடி முழிக்கிறதுக்குள்ள பற்ற, பனை வளை ஏன் அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்குது? அந்த எண்ணை வைச்சுச் சாமான் தெரிவு செய்யலாமோ, ஏலாதோ?

வெப்பமும்சடமும்:

தம்பி, அந்த எண்ணை மட்டும் வைச்சுத் தெரிவு செய்ய ஏலாது. ஏன் எண்டதை உங்கட குசினியே காட்டும். அடுப்பு மூட்டேக்க முதல்ல பன்னாடை, அதுக்கு மேல காவோலை, பிறகு மட்டை, கடைசியிலதான் கட்டை. எரியிற நெருப்புக்குச்சியைக் கட்டையில பிடிச்சால் குச்சி முடிஞ்சுபோகும், கட்டை கொஞ்சம் கருகும், அவ்வளவுதான். பன்னாடையில பிடிச்சால் ஒரு செக்கனில பற்றும். இரண்டும் ஒரே வகைப் பொருள்தான், இரசாயனத்தில பெரிய வித்தியாசம் இல்லை. பன்னாடையை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ. நூல் மொத்தத்தில நார், நாருக்கு நார் இடையில காற்று. நாரில பட்ட சூட்டுக்கு உள்ளுக்குப் போய் ஒதுங்க இடமில்லை. கட்டையில பட்ட சூடு உள்மரத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும், அதால மேற்பரப்புச் சூடேறப் பிந்தும்.

ஒண்டை முதல்ல தெளிவாக்குவம். திண்மப் பொருள் நேரடியாச் சுவாலை விட்டு எரியிறதில்லை. மேற்பரப்பு சூடாகிச் சிதைஞ்சு வாயு விடும், அந்த வாயு காற்றோட கலந்து எரியிறதைத்தான் சுவாலை எண்டு காணுறம். மேற்பரப்பு அந்த வாயுவைப் போதியளவு விடுற நிலைக்கு வந்தால்தான் பற்றும். அட்டவணையில நீங்கள் பாத்தது அந்த நிலையின்ர வெப்பநிலை. அங்க போய்ச்சேர எடுக்கிற நேரம் வேற கணக்கு.

தடிச்ச பொருளுக்கு அந்த நேரத்தைத் தீர்மானிக்கிறது மூண்டு குணத்தின்ர பெருக்கம்: வெப்பக் கடத்தாறு (சூடு எவ்வளவு லேசா உள்ளால ஓடும் எண்டது), அடர்த்தி, தன்வெப்பக் கொள்ளளவு (ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்கத் தேவையான வெப்பம்). மூண்டையும் சேத்து வெப்பச் சடத்துவம் எண்டு சொல்லலாம். ஓக் மரத்துக்குக் கடத்தாறு 0.17, அடர்த்தி 800, தன்வெப்பக் கொள்ளளவு 2380. பெருக்கினால் ஏறக்குறைய 3,20,000. பொலியூரிதேன் ஸ்பொஞ்சுக்கு 0.034, 20, 1400. பெருக்கினால் 950. வித்தியாசம் 340 மடங்கு. பற்றுற வெப்பநிலை ஒண்டாக இருந்தாலும், ஒரே சூடு பட்டால் ஸ்பொஞ்சின்ர முகம் 340 மடங்கு கெதியா அங்க போய்ச் சேரும்.

சமன்பாடு சின்னது. வெப்பநிலை எவ்வளவு ஏற வேணுமோ அதை வெப்பப் பாயத்தால, அதாவது ஒரு சதுர மீற்றர் மேற்பரப்பில செக்கனுக்கு விழுற வெப்பத்தால, பிரியுங்கோ, வர்க்கியுங்கோ, அந்தப் பெருக்கத்தாலும் 0.785 ஆலும் பெருக்குங்கோ. சதுர மீற்றருக்கு 20 கிலோவாற் உள்ளுக்குப் போகுது, 30 பாகையில இருந்து 350 பாகைக்கு ஏற வேணும் எண்டு வைப்பம். மரத்துக்கு 65 செக்கன் வரும். ஸ்பொஞ்சுக்கு ஒரு செக்கனில ஐந்தில் ஒரு பங்கு. வர்க்கம் இருக்கிறதையும் கவனியுங்கோ: சூட்டைப் பாதியாக்கினால் நேரம் நாலு மடங்காகும். அதாலதான் அடுப்பில இருந்து கொஞ்சம் தள்ளி வைக்கிறதும் பெரிய வித்தியாசம் தரும்.

ஒண்டு இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைஞ்ச பொருளுக்கு, அதாவது யன்னல் சீலை, கிடுகு, கடதாசிக்கு, இந்தக் கணக்குப் பொருந்தாது. அதுகள் முழுத் தடிப்பும் ஒரேயடியாச் சூடாகும். அங்க பாக்க வேண்டியது சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் எண்டதை. 200 கிராம் சீலை அதே 20 கிலோவாற்றில நாலைஞ்சு செக்கனில பற்றும், 400 கிராம் சீலைக்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரம். மெல்லிசுச் சீலையை அடுப்புப் பக்க யன்னலுக்குப் போடாதேங்கோ.

தீக்கூடம்:

மேல அண்ணை தந்த 65 செக்கனில ஒரு திருத்தம். சூடேறின முகம் தானும் சூட்டைத் திருப்பி வெளிய விடும். படுற சூட்டில அந்த இழப்புப் போக மிச்சம்தான் உள்ளுக்குப் போகும். அதால உண்மையில 20 கிலோவாற் பட்டால் மரம் பற்ற இன்னும் கனநேரம் செல்லும். 12 கிலோவாற்றுக்குக் கீழ போனால், பக்கத்தில சுவாலை இருந்தாலும் மரம் லேசில பற்றாது, ஏறின சூடும் இழக்கிற சூடும் சமமாகிப்போகும். சுவாலையே கிட்ட இல்லாமல் தானாகப் பற்ற 28 கிலோவாற்றுக்கு மேல வேணும். மத்தியான வெயில் ஒரு கிலோவாற் எண்டதோட ஒப்பிட்டுப் பாருங்கோ.

இந்த எண்களைச் சீலிங்கோட சேத்து யோசிக்க வேணும். அறையில ஏதாவது எரிஞ்சால் சூட்டுப் புகை மேல போய்த் தட்டுக் கட்டும். அந்தத் தட்டு 400 பாகையில இருந்தால் கீழ நோக்கி 12 கிலோவாற் அளவில கதிர்வீசும். 500 பாகையில 20, 600 பாகையில 33. நூறு பாகை கூடினால் சூடு அரைவாசிக்கு மேல கூடுது. புகைத்தட்டு ஐந்நூறு அறுநூறு பாகைக்கு வந்து, நிலத்தில 20 கிலோவாற் விழுந்தால் அறையில இருக்கிற கதிரை, மேசை, பாய் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில பற்றும். அதுக்குப் பிறகு அந்த அறைக்குள்ள ஒருத்தரும் உயிரோட நிக்க ஏலாது.

ஓட்டுக் கூரை உயரம், ஓட்டு இடுக்குகளால புகை வெளியேறிக்கொண்டிருக்கும், நாற்சார் வீடெண்டால் நடு முற்றத்தாலும் போகும். நீங்கள் எட்டடி உயரத்தில அடைச்சுச் சீலிங் அடிச்சால் அந்தப் புகைக்குப் போக வழியில்லை, தட்டு கெதியாக் கீழ இறங்கும், கெதியாச் சூடேறும். சீலிங் அடிக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை. பத்தடியில அடிக்க இடமிருந்தால் பத்தடியில அடியுங்கோ, சுவரின்ர மேல்பக்கக் காற்றுத் துவாரங்களைச் சீலிங்குக்குக் கீழ வாற மாதிரி விடுங்கோ.

இனிச் சாமான். ரெஜிபோம் எண்டது ஊதின பொலிஸ்டைரீன். நூறு பாகையளவில இளகிச் சுருங்கும். சின்னச் சுவாலை காட்டினால் அது சுருங்கி விலகிப்போறதைக் காட்டி, பற்றேல்லைத்தானே எண்டு விப்பினம். பெரிய நெருப்பில விலக இடமிருக்காது. உருகி, எரியிற துளியாக் கட்டிலிலயும் மெத்தையிலயும் விழும், நெருப்பு மேலயும் கீழயும் ஒரேயடியாப் போகும். தீத்தடுப்பு மருந்து கலந்த வகையும் குச்சி, மெழுகுதிரி அளவு சுவாலைக்குத்தான் உதவும். படுக்கை அறைக்கு இதை வேண்டாம் எண்டே சொல்லுவன்.

பி.வி.சி. அதைவிட மேல். நிறையில அரைவாசிக்கு மேல குளோரின், அதால சுவாலையை எடுத்தால் தானாக அணையும். ஆனால் எண்பது பாகையளவில இளகித் தொங்கி விழும், இருநூறு முந்நூறு பாகைக்கிடையில ஐதரசன் குளோரைட்டு வாயு விடும். கண்ணைத் திறக்க விடாத வாயு அது. இரவில, இருட்டில, கதவைத் தேடுறவருக்குக் கண் தெரியாமல் போறது எவ்வளவு ஆபத்து எண்டதை யோசியுங்கோ.

ஜிப்சத்தைத்தான் எடுங்கோ. அதின்ர நிறையில ஐந்தில் ஒரு பங்கு பளிங்குக்குள்ள பூட்டின நீர். 12.5 மில்லிமீற்றர் போட் ஒரு சதுர மீற்றருக்குள்ள ஒன்றரை லீற்றருக்குக் குறையாத நீர் இருக்கு. அது ஆவியாகி முடியுமட்டும் பின்பக்கம் நூறு பாகைக்கு மேல பெரிசா ஏறாது, மேல இருக்கிற சிலாகைக்கு அந்த நேரம் கிடைக்கும். முகத்தில இருக்கிற கடதாசி எரியும், அதைப் பாத்துப் பயப்பிட வேண்டாம். சட்டம் மரத்தில வேண்டாம், நாகம் பூசின இரும்புச் சட்டம் போடுங்கோ. பொருத்து இடைவெளிகளைப் பூச்சால நல்லா நிரப்ப வேணும். லைற்றுக்கு வெட்டுற ஓட்டைதான் பலவீனம், ஒவ்வொரு ஓட்டையும் சுவாலைக்கு ஒரு வாசல். ஓட்டையைக் குறையுங்கோ.

மூடுறதுக்கு முதல் மேல இருக்கிற குருவிக்கூடு, எலி இழுத்துவைச்ச தும்பு, பஞ்சு, ஒட்டறை எல்லாத்தையும் வழிச்சு எடுங்கோ. அதெல்லாம் பன்னாடைக்குச் சமம்.

கறண்ட்_பொயின்ற்:

சீலிங்குக்கு மேல போற வயரை ஒருத்தரும் சொல்லேல்லை. மூடினாப் பிறகு அது கண்ணுக்குத் தெரியாது, அதால நான் சொல்லுறன்.

கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில சித்திரை வைகாசியில ஐம்பது பாகை சாதாரணம், சீற் கூரையெண்டால் அறுபதும் வரும். வீட்டு வயரின்ர பி.வி.சி. உறை 70 பாகைக்குச் செய்தது. வயர் கொண்டுபோகக்கூடிய மின்னோட்டம் 30 பாகையில கணிச்சது. சூழல் 50 பாகையெண்டால் அதை 0.71 ஆல பெருக்க வேணும், 60 எண்டால் 0.5 ஆல, அதாவது சரி பாதி. ஏசி, ஹீற்றர் வயரை மேலால கொண்டுபோறதெண்டால் இதை வயர்காரரிட்டக் கேளுங்கோ.

அதைவிட மோசம் இளகின இணைப்பு. 2000 வாற் கேற்றில் 230 வோல்ற்றில 8.7 அம்பியர் எடுக்கும். முறுக்கி ரேப் சுத்தின இணைப்பில அரை ஓம் தடை வந்தால், அந்த இடத்தில 38 வாற் சூடாக வெளிவரும். சோல்டறிங் அயன் ஒண்டின்ர சூடு, பெருவிரல் நகமளவு இடத்தில. பிரேக்கர் விழாது, ஏனெண்டால் மின்னோட்டம் கூடேல்லை. ரிப் சுவிச்சும் விழாது, ஏனெண்டால் நிலத்துக்குக் கசிவு இல்லை. பக்கத்தில தும்பு கிடந்தால் அது அங்கேயே கனலத் தொடங்கும். கனலுறது சுவாலையில்லாமல் மணித்தியாலக் கணக்காப் போகும், அந்த நேரமெல்லாம் காபனோரொட்சைட்டு கீழ அறைக்கு இறங்கும். நித்திரையில இருக்கிறவருக்கு மணமே தெரியாது.

அதால சீலிங்குக்கு மேல ஒரு இணைப்பும் வேண்டாம். வயர் பெட்டியில இருந்து பெட்டிக்கு முழுசா ஓட வேணும். தவிர்க்கவே ஏலாட்டி, மூடியுள்ள பெட்டிக்குள்ள ஆணி இறுக்கிற ரேமினலில செய்து, அதுக்கு நேர் கீழ திறந்து பாக்கிற மூடி ஒண்டு விடுங்கோ.

கொக்குவில்_பழையவீடு:

எல்லாருக்கும் நன்றி, ஜிப்சம் எண்டு முடிவு. புகைக்குழாயைப் பற்றி ஒண்டு. அடுப்பு எரியேக்க வளையில கையை வைச்சுப் பாத்தன். சுடுது, ஆனால் இரண்டு மூண்டு செக்கன் கையை வைச்சிருக்க ஏலுது. முந்நூறு பாகைக்குக் கிட்டவே இல்லை. அப்ப நாலு அங்குலம் காணும்தானே?

வெப்பமும்சடமும்:

காணாது தம்பி. இதில வடிவாக் கவனம் எடுங்கோ.

முந்நூறு, முந்நூற்றைம்பது எண்டது புது மரத்தைச் சில நிமிசம் சூடாக்கிப் பாத்த எண். மாதக்கணக்கா, வருசக்கணக்கா நூறு பாகைக்கு மேல காயிற மரம் அந்த மரமில்லை. மெதுவாக் கருகி, நுண்துளை விழுந்து, கரியாகிக்கொண்டு வரும். கரி காற்றிலுள்ள ஒட்சிசனோட தானே தாக்கமடைஞ்சு சூடு விடும். தடிச்ச மரத்துக்குள்ள அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் சேரும். கடைசியில வெளிச்சுவாலை ஒண்டும் இல்லாமல் உள்ளுக்க கனல் பிடிக்கும். பத்து வருசம் ஒண்டும் நடக்காத இடத்தில பதினோராம் வருசம் நடக்கும், அதால பழைய அனுபவம் இதுக்குச் சாட்சியாகாது.

கையால தொட்டது சாதாரண சமையல் நேரம். குழாய்க்குள்ள புகைக்கரியும் தாரும் படிஞ்சு ஒருநாள் அதுவே பற்றினால் குழாய் செந்நிறமா வரும், அண்டைக்கு அந்த நாலு அங்குலத்தால விழுற சூடு வேற. அமெரிக்க விதிகளில ஒற்றைத் தகட்டுப் புகைக்குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் இடையில 18 அங்குலம் கேட்டிருக்கிறது இதுக்காகத்தான்.

குழாயை நகர்த்தி 18 அங்குலம் எடுக்க ஏலுமெண்டால் அதுதான் சரி. ஏலாட்டி வளைக்கும் குழாய்க்கும் நடுவில நாகம் பூசின தகடு ஒண்டு நிப்பாட்டுங்கோ. தகட்டை வளையோட ஒட்டி அடிச்சால் பிரயோசனமில்லை, சூடு தகட்டால நேர மரத்துக்குக் கடத்தப்படும். ஒரு அங்குலக் காற்றிடைவெளி வேணும், கீழும் மேலும் திறந்திருக்க வேணும், காற்று உள்ளால ஏறிச் சூட்டைக் கொண்டுபோகும். இடைவெளிக்கு வைக்கிற துண்டு மரமாக இருக்கக் கூடாது, பீங்கான் அல்லது இரும்புக்குழல் துண்டு வையுங்கோ. தகடு வைச்சாலும் நாலு அங்குலத்தில விடாதேங்கோ, குழாயை ஏலுமான மட்டும் தள்ளுங்கோ. வளையின்ர அந்தப் பக்கத்தைக் கத்தியால சுரண்டிப் பாருங்கோ. கபில நிறம் தாண்டிக் கறுத்திருந்தால், சுரண்டேக்க பொடியாக் கொட்டினால், அந்தத் துண்டை மாத்துறதுதான் நல்லது. வருசத்துக்கு இரண்டு தரமாவது குழாயின்ர உள்பக்கத்தைத் துடையுங்கோ, பச்சை விறகு எரிச்சால் இன்னும் கூட.

பரணில இருக்கிற பன்னாடையை இண்டைக்கே எடுத்துவிடுங்கோ. மட்டை, கட்டை இருந்தால் ஒரு பொறி அணைஞ்சுபோகும். பன்னாடையில அணையாது.

தீக்கூடம்:

கிடுகுக் கொட்டிலுக்கு வாறன். காய்ஞ்ச கிடுகு சதுர மீற்றருக்குக் கால் கிலோ எண்டு வைச்சால், பற்றுற நிலைக்கு ஏற ஏறத்தாழ 110 கிலோயூல் போதும். அதே நிறைக்கு நீர் பிடிச்ச ஓலையெண்டால் அந்த நீரைக் கொதிக்கவைச்சு ஆவியாக்க மட்டும் மேலதிகமா 640 கிலோயூல் வேணும். மாரியில மழை நனைச்ச கிடுகும் சோளகம் அடிக்கேக்க சருகாக் காய்ஞ்ச கிடுகும் நெருப்புக்கு வேற வேற பொருள். சோளகக் காலத்தில பொறியும் பறக்கும். உங்கட யன்னல் கொட்டிலுக்குக் காற்றுப் போற பக்கமெண்டால் இன்னும் கவனம்.

தூரக் கணக்கு. கொட்டிலின்ர உங்கட பக்க முகம் 3 மீற்றர் அகலம், 2.5 மீற்றர் உயரம் எண்டும், எரியேக்க சதுர மீற்றருக்கு 84 கிலோவாற் விடுது எண்டும் எடுத்தன். பிரித்தானியாவில கட்டடங்களுக்கிடையிலான தூரம் கணிக்கேக்க பாவிக்கிற எண்களில ஒண்டு அது. நேரெதிரே 2 மீற்றரில, அதாவது உங்கட யன்னலில, 31 கிலோவாற் விழும். மூன்றரை மீற்றரில 13, 14. ஐந்து மீற்றரில 7. மரம் பற்றுற எல்லை சுவாலை கிட்ட இருந்தால் 12, இல்லாட்டி 28 எண்டு மேல சொன்னன். அப்ப உங்கட மர யன்னல் சட்டம் பொறி படாமலே பற்றக்கூடிய இடத்தில நிக்குது. காற்றில சுவாலை சரிஞ்சால் இதைவிடவும் கூடும்.

யன்னல் கண்ணாடியை நம்ப வேண்டாம். கண்ணாடியின்ர நடு சூடாகும், சட்டத்துக்குள்ள மறைஞ்ச விளிம்பு குளிராவே இருக்கும். இரண்டுக்கும் எழுபது எண்பது பாகை வித்தியாசம் வந்தால் வெடிக்கும். வெடிச்சாப் பிறகு உள்ளுக்க தொங்குற சீலைதான் அடுத்தது.

பக்கத்து வீட்டாரோட கதைச்சுக் கொட்டிலை நாலு மீற்றருக்கு அங்கால தள்ள ஏலுமோ பாருங்கோ. ஏலாட்டி எல்லையில யன்னலின்ர மேல்விளிம்பைவிட உயரமாக் கல்மதில் கட்டுங்கோ. கதிர்வீசல் நேர்கோட்டில வாறது, மதில் மறைச்சால் சட்டத்தில விழுறது பெரும்பங்கு குறையும். சுவாலை கூரைக்கு மேல எழும்பும் எண்டதால, மதிலோட சேத்து யன்னலுக்கு இரும்புத் தகட்டுக் கதவும் போடுங்கோ. கிடுகுக்கு மருந்து தெளிக்கலாமோ எண்டு கேப்பியள். போராக்ஸ், படிகாரம் மாதிரிக் கரையிற உப்புகள் முதல் மாரியோட கழுவுண்டு போகும். கொட்டில் சுவரின்ர உங்கட பக்கத்துக்கு ஒரு அங்குல மண் பூச்சு அதைவிட நிலைக்கும்.

கொக்குவில்_பழையவீடு:

மதிலுக்கு அத்திவாரம் வெட்டப் பக்கத்து வீட்டு ஐயா சம்மதிச்சிட்டார், கொட்டில் சுவருக்கு மண்ணும் தாங்களே பூசிறதெண்டு சொன்னவை. பன்னாடையை இறக்கியாச்சு. வளையைச் சுரண்டிப் பாத்தன், குழாய்ப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்திருக்கு, கத்தி நுனி கால் அங்குலம் லேசா இறங்குது.

வெப்பமும்சடமும்:

கால் அங்குலம் இறங்கினால் அது வெறும் புகைக்கறை இல்லை, கரி. தச்சரைக் கூப்பிட்டு வளைக்கு முட்டுக் குடுத்து அந்தத் துண்டை மாத்துங்கோ. மாத்துமட்டும் அந்த அடுப்பை மூட்டாதேங்கோ.